சாம் குக்: ஒரு தொகுப்பு, இரண்டு வரிசை

‘பெஸ்ட் ஆஃப்’ வகைத் தொகுப்புகள் மேல் எனக்குப் பொதுவாகப் பெரிய மரியாதை கிடையாது. ஒரு பாடகரின் பதினைந்து வருட உழைப்பிலிருந்து ஹிட் ஆனதை மட்டும் பொறுக்கியெடுத்து, அட்டைக்கு நல்ல போட்டோ ஒன்று போட்டு விற்பார்கள். ஆனால் சில பாடகர்களுக்குத் தொகுப்பை விட்டால் வேறு வழியில்லை. ஆல்பம் என்பது ஒரு முழுமையான படைப்பு என்ற எண்ணம் வேரூன்றுவதற்கு முன்னால், பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று சின்ன இசைத்தட்டுகள் விற்ற காலத்தில் பாடியவர்கள் அவர்கள். அவர்களுடைய நல்ல பாட்டெல்லாம் சில்லறையாகச் சிதறிக் கிடக்கும். யாராவது கூட்டி அள்ளித் தந்தால்தான் உண்டு. சாம் குக் அப்படிப்பட்டவர்.

சில வாரங்களாக நான் கேட்டுக்கொண்டிருப்பது ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லெஜண்ட் 1951–1964’. ஆப்கோ நிறுவனம் 2003இல் வெளியிட்டது. அட்டவணைப்படி முப்பது பாட்டு, எல்லாம் ஒரே குறுந்தகட்டில். ஒரு பாட்டு சராசரியாக இரண்டரை நிமிடம்தான். பதின்மூன்று வருடப் பாட்டு வாழ்க்கை, ஒரு சினிமா இடைவேளை விடுவதற்குள் முடிந்துவிடுகிறது.

முதலில் அவர்கள் கொடுத்த வரிசையிலேயே கேட்டேன். அந்த வரிசை காலவரிசை இல்லை. 1961இல் வந்த ‘க்யூபிட்’ முன்னால் வரும், 1960இல் வந்த ‘செயின் கேங்’ பின்னால் வரும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிலிருந்து எது வந்தது என்று பிடிபடவில்லை. மென்பொருள்காரன் புத்தி சும்மா இருக்குமா? பதிவான வருடத்தை வைத்து அடுக்கி ஒரு பிளேலிஸ்ட் போட்டேன். கேட்டால் அது வேறு ஒரு தொகுப்பு! இந்தக் கட்டுரை முக்கால்வாசி அந்த இரண்டாவது வரிசையைப் பற்றித்தான்.

காலவரிசையில் போட்டால் முதலில் வருவது, ஆப்கோ வரிசையில் கடைசியாக இருக்கும் ‘ஜீசஸ் கேவ் மீ வாட்டர்’. 1951 மார்ச்சில் பதிவானது. குக்குக்கு அப்போது இருபது வயது. மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்த ஒரு போதகரின் மகன். ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்பது அன்றைக்குக் கறுப்பினத் தேவாலயங்களில் கொடிகட்டிப் பறந்த காஸ்பல் குழு. அதன் முன்னணிக் குரலான ஆர். எச். ஹாரிஸ் விலகிப்போக, அந்த இடத்தில் இந்தப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹாரிஸ் சாதாரணப் பாடகர் இல்லை. காஸ்பல் நால்வர் பாட்டின் இலக்கணத்தையே மாற்றியவர் என்று சொல்லப்படுபவர். அந்த நாற்காலியில் உட்காருவதற்கு யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

பாட்டின் கதை, கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணுடையது. பின்னணியில் குழுவினர் தாளக்கட்டாக ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாட, குக் கதை சொல்கிறார். ‘கதை சொல்கிறார்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹாரிஸ் வழி வந்த பலரும் உச்சஸ்தாயிக்குப் போய்ச் சபையை எழுப்பி நிறுத்துவார்கள். இந்தப் பையன் கத்துவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. 1956இன் ‘டச் த ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்’ இதே முறையின் முதிர்ந்த வடிவம். அங்கியின் ஓரத்தைத் தொட்டுக் குணமான பெண்ணின் கதை. பதிவுக்குப் போகும் வழியில் காரில் பைபிளைப் புரட்டிக்கொண்டே இதைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. பாட்டைக் கேட்டால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. வேதாகமத்தின் வாக்கிய ஓட்டத்தை அப்படியே மெட்டில் உட்கார வைத்திருக்கிறார்.

இந்தப் பாட்டில்தான் அவருடைய அடையாளமான அந்தச் சறுக்கலும் முழுசாக இருக்கிறது. ஒரு உயிரெழுத்தை எடுத்து, மேலே ஒரு தாவு, உடனே இரண்டு மூன்று படி கீழே வழுக்கல். நம் பாடகர்களின் பிருகாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். வேகம் காட்டுவது இதன் நோக்கமே இல்லை. தொண்டையிலிருந்து தலைக்குரலுக்குப் போய்த் திரும்பும் ஒரு நொடி நேரத் துள்ளல், அவ்வளவுதான். ஹாரிஸின் உச்ச சுரங்களை எட்ட முடியாதபோது, அவற்றைத் தொடாமல் சுற்றிவரக் கண்டுபிடித்த உபாயம் அது என்று குழுவின் மூத்தவர் எஸ். ஆர். கிரெய்ன் சொல்லியிருக்கிறார். எட்டாத இடத்தைச் சுற்றிப் போட்ட குறுக்குப் பாதை, பின்னால் சோல் இசையின் ராஜபாட்டை ஆகிவிட்டது. ஓடிஸ் ரெடிங், அல் கிரீன், ராட் ஸ்டூவர்ட் என்று யாரை எடுத்தாலும் அந்தத் தடம் இருக்கிறது.

அடுத்தது ‘லவ்வபிள்’. தொகுப்பில் நான் அதிக தடவை கேட்டது இதுதான். நல்ல பாட்டு என்பதால் இல்லை, சுமாரான பாட்டுதான். 1956 இறுதியில் நியூ ஆர்லியன்ஸில் பதிவாகி, ‘டேல் குக்’ என்ற பொய்ப் பெயரில் வெளிவந்தது. சோல் ஸ்டிரர்ஸ் பாடிய ‘வொண்டர்ஃபுல்’ என்ற காஸ்பல் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துவிட்டார்கள். ஆண்டாளும் நம்மாழ்வாரும் படித்த நமக்கு, கடவுள் பாட்டும் காதல் பாட்டும் ஒரே வாசலில் போய்வருவது பெரிய விஷயமாகத் தெரியாது. அங்கே அது துரோகம். தேவாலயத்துக்குப் பாடுகிறவன் பிசாசின் பாட்டைப் பாடினால் சபை அவனைத் திரும்பிப் பார்க்காது என்பது எழுதாத சட்டம். அதனால்தான் பெயர் மாற்றம். ஆனால் பெயரை மாற்றியவர்கள் குரலை மாற்றவில்லையே! அந்தச் சறுக்கல் வந்ததுமே யார் என்று சபையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

1957 ஜூனில் ‘யூ செண்ட் மீ’ பதிவானது. ஸ்பெஷாலிட்டி ரெக்கார்ட்ஸ் முதலாளி ஆர்ட் ரூப், பதிவு நடந்துகொண்டிருந்தபோது உள்ளே வந்தார். பின்னணியில் இழைந்து இழைந்து பாடும் வெள்ளைக்காரக் கோஷ்டியைப் பார்த்துக் கடுப்பாகிவிட்டார். லிட்டில் ரிச்சர்டை வைத்துக் காசு பார்த்தவர் அவர். கறுப்பினப் பாட்டு என்றால் காரம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தகராறு முற்றி, தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் குக்கையும் அந்தப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். புதிதாக முளைத்திருந்த கீன் நிறுவனம் வெளியிட்டது. வருடம் முடிவதற்குள் பாப் பட்டியலிலும், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம். குக் தன் பெயரில் ஒரு ‘ஈ’ எழுத்தைச் சேர்த்துக்கொண்டதும் இந்தச் சமயத்தில்தான்.

எழுதிவைத்துப் பார்த்தால் ‘யூ செண்ட் மீ’யில் ஒன்றுமே இல்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொற்பட்டியல் எடுத்தால் ஒரு தபால் அட்டை நிரம்பாது. ஆனால் கவனித்துக் கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியம் வேறு இடத்தில் தொடங்குகிறது. ஒரு தடவை தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், அடுத்த தடவை சரியாகத் தாளத்தின் மேல், அதற்கடுத்த தடவை கடைசிச் சொல் நீண்டு அடுத்த வரிக்குள் வழிகிறது. தேவாலயத்தில் ஒரே சொல்லை வைத்துச் சபையைப் பத்து நிமிடம் நிறுத்திவைக்கும் வித்தையை, சத்தத்தைக் குறைத்து ஒரு பெண்ணின் காதருகே கொண்டுபோயிருக்கிறார். பக்தி பாடியவன் பாப்புக்குப் போய்க் கெட்டுப்போனான் என்ற வாதத்துக்குக் காலவரிசை நல்ல பதில். அடுத்தடுத்துக் கேட்டால் மாறியிருப்பது முகவரி மட்டும்தான்.

இங்கே ஒரு வியாபார விஷயம். ‘யூ செண்ட் மீ’ ஓடியதும் ஆர்ட் ரூப் என்ன செய்தார்? பெட்டிக்குள் கிடந்த பழைய பதிவு ஒன்றைத் தூசி தட்டி, கொஞ்சம் மெருகேற்றி ‘ஐ’ல் கம் ரன்னிங் பேக் டு யூ’ என்று வெளியிட்டார். அதுவும் ஹிட். 1960இல் குக் கீனை விட்டு ஆர்.சி.ஏ.வுக்குப் போனார். உடனே கீன்காரர்கள் அதேபோல் உள்ளே கிடந்த ‘வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாட்டை வெளியில் எடுத்தார்கள். இன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்த சாம் குக் பாட்டு அதுதான்! ஆக, பாடகர் ஒரு கம்பெனியை விட்டுப் போகலாம், அவர் குரல் போகாது. அது கம்பெனியின் அலமாரியில் இருக்கும். இதை இரண்டு தடவை தன் கண்ணால் பார்த்த மனிதர் என்ன முடிவுக்கு வருவார்?

வந்தார். ஜே. டபிள்யூ. அலெக்சாண்டருடன் சேர்ந்து பாடல் உரிமைக்கு ஒரு கம்பெனி, பிறகு ‘சார் ரெக்கார்ட்ஸ்’ என்று சொந்த இசை நிறுவனம். அறுபதுகளின் தொடக்கத்தில், முப்பது வயதுகூட நிறையாத கறுப்பினப் பாடகர் ஒருவர், தன் பாட்டின் உரிமையைத் தானே வைத்துக்கொண்டு, மற்றவர்களையும் பாட வைத்துத் தயாரித்தார் என்பது சாதாரணம் இல்லை. பாபி வோமாக்கும் அவர் சகோதரர்களும் பாடிய ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’ அங்கிருந்து வந்ததுதான். ரோலிங் ஸ்டோன்ஸ் 1964இல் அதைப் பாடி, பிரிட்டனில் முதன்முதலாக முதலிடம் பிடித்தார்கள்.

ஆர்.சி.ஏ. காலத்தின் தொடக்கத்தைத் தொகுப்பு கெட்டிக்காரத்தனமாகத் தாண்டிப் போகிறது. ஹியூகோ, லூயிஜி என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் அவரை ஒரு கோட்டு சூட்டு இரவு விடுதிப் பாடகராக்கப் பார்த்தார்கள். ‘குக்ஸ் டூர்’ என்று ஒரு ஆல்பம், ஊர் ஊராகப் போகும் பாட்டுகள். வயலின் பாயசம். தொகுப்பில் அதிலிருந்து ஒன்றுமே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் தொகுப்பை மட்டும் கேட்கிறவருக்கு, இந்த மனிதர் ஒரு தப்பான அடிகூட வைக்காமல் நேராக நடந்துபோனார் என்றுதான் தோன்றும்.

‘செயின் கேங்’ அந்தக் காலத்தின் பெரிய ஹிட். சங்கிலிக் கைதிகள் சாலையில் கல் உடைப்பதைச் சுற்றுப்பயணத்தில் பார்த்து எழுதியது என்பார்கள். ஹெட்போனில் கேளுங்கள்: இரும்பில் இரும்பு மோதும் ஒலிதான் தாளம், மூச்சிரைப்புதான் பின்னணிக் குரல். மேலே குக்கின் மெட்டோ தேன். 1960இல் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதற்கு நடனம் ஆடினார்கள். அவர்கள் எதற்கு ஆடுகிறோம் என்று யோசித்தார்களா தெரியாது. எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்.

1962 ஏப்ரலில் ஒரே நாளில் பதிவான இரண்டு பாட்டுகள் ‘ஹாவிங் எ பார்ட்டி’யும் ‘பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ’யும். இரண்டாவதில் லூ ராலஸ் கூடவே பாடுகிறார். குக் ஒரு வரி சொல்ல, ராலஸ் ஒற்றைச் சொல்லில் ஆமோதிக்க, குக் திரும்பச் சொல்ல... போதகரும் சபையும்தான் இது. தேவாலயத்திலிருந்து வெளியேறி ஐந்து வருடம் கழித்து, தேவாலயத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். சோல் என்ற வகைக்கு ஒரு பாட்டை உதாரணம் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். 1963இன் ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பற்றியும் ஒரு வார்த்தை: அதில் ஆர்கன் வாசிப்பது பதினாறு வயது பில்லி பிரெஸ்டன். பாட்டில் நாய் என்று வந்தால் ஆர்கன் குரைக்கிறது, ஊளையிடுகிறது. பையன் கொண்டாடியிருக்கிறான். இந்தப் பாட்டு வந்த ‘நைட் பீட்’ மட்டும், ஆல்பமாகவே முழுசாகக் கேட்க வேண்டிய ஒன்று.

இப்போது ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’.

பின்னணி பலருக்குத் தெரிந்திருக்கும். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், முன்பதிவு செய்திருந்த ஹோட்டலில் குக்குக்கும் மனைவிக்கும் உடன் வந்தவர்களுக்கும் அறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை, சத்தம் போட்டார். அமைதியைக் குலைத்ததாகப் போலீஸ் கைது செய்தது. அதே வருடம் கோடையில் அவருடைய கைக்குழந்தை வின்சென்ட் வீட்டு நீச்சல்குளத்தில் விழுந்து இறந்திருந்தான். இதற்கிடையில் பாப் டிலனின் ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ வேறு மனதைக் குடைந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுதியதை நாம் எழுதாமல் போனோமே என்று.

1964 ஜனவரி 30இல் பதிவு. ரெனே ஹால் இசைக்கோர்ப்பு. முன்னே நான் பாயசம் என்று கிண்டல் செய்த அதே வயலின்கள்தான் இதிலும். ஆனால் இங்கே அவை அலங்காரத்துக்கு நிற்கவில்லை. ஒரு சரணத்தை வயலின்கள் தூக்கிப் போகின்றன, அடுத்ததைக் கொம்பு வாத்தியங்கள், நடுவில் வரும் திருப்பத்தில் டிம்பானி முரசு. ஒவ்வொரு சரணமும் ஒரு சின்ன நாடகக் காட்சி மாதிரி. பாடுகிற முறை? அதே 1951ஆம் வருடக் கதைசொல்லி. ‘நான் இங்கே பிறந்தேன், இப்படி நடந்தது, இவரிடம் போனேன், அவர் இப்படிச் செய்தார்’ என்ற வகை. கிணற்றடிப் பெண்ணின் கதையைச் சொன்ன குரல் இப்போது தன் கதையைச் சொல்கிறது. என் பிளேலிஸ்டில் இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் இருபத்தைந்துக்கு மேல் பாட்டுகள். ஆப்கோ வரிசையில் இரண்டும் அடுத்தடுத்து, கடைசியில். அந்த ஒரு இடத்தில் அவர்கள் வரிசை என் வரிசையை ஜெயித்துவிட்டது.

1964 பிப்ரவரி 7இல் ‘டுநைட் ஷோ’வில் இதைப் பாடினார். அந்த ஒளிப்பதிவு மிஞ்சவில்லை. இரண்டு நாள் கழித்து பீட்டில்ஸ் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்ற, ஊரே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. டிசம்பர் 11இல் லாஸ் ஏஞ்சலஸ் விடுதி ஒன்றில் குக் சுடப்பட்டு இறந்தார். வயது 33. தற்காப்புக்காகச் சுட்டது என்று விசாரணை முடிந்தது. ஏற்க மறுப்பவர்கள் இன்றும் உண்டு. பாட்டு சிங்கிளாக வெளிவந்தது அதற்குப் பிறகு, அதுவும் ‘ஷேக்’ என்ற நடனப் பாட்டின் பின்பக்கத்தில். வானொலிக்காக ஒரு சரணத்தையும் வெட்டிவிட்டார்கள். எந்தச் சரணம்? சினிமாவுக்கும் நகரத்துக்குள்ளும் போனால் இங்கே நிற்காதே என்று விரட்டப்படுவதைச் சொல்லும் சரணம்தான், பாட்டிலேயே இனப்பாகுபாட்டை நேராகத் தொடும் இடம். ஆகவே ஒரே பெயரில் இரண்டு வடிவங்கள் சுற்றுகின்றன. ஆன்லைனில் கேட்கும்போது நீளத்தைப் பாருங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் முழுசு. அரை நிமிடம் போலக் குறைந்தால் வெட்டுப்பட்டது.

ஒரு சின்ன ஆராய்ச்சியும் இதில் கிடைத்தது. ஆர்.சி.ஏ. தரப்பு 2000இல் ‘த மேன் ஹூ இன்வென்டட் சோல்’ என்று நான்கு தட்டுப் பெட்டி ஒன்று போட்டது. சோல் இசையைக் கண்டுபிடித்தவர் என்று தலைப்பு, உள்ளே ‘எ சேஞ்ச்’ இல்லை, சோல் ஸ்டிரர்ஸும் இல்லை! காரணம் ரசனைக் குறைவு இல்லை, உரிமை. 1963இல் ஆலன் கிளைன் என்ற கணக்காளர் (பின்னால் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ் விவகாரங்களில் பேர் அடிபட்டவர்) குக்குக்காக ஆர்.சி.ஏ.விடம் பேரம் பேசினார். அதன்படி குக்கின் மகள் பெயரில் ‘டிரேசி லிமிடெட்’ என்று ஒரு கம்பெனி. இனி வரும் பதிவுகள் அதற்குச் சொந்தம், ஆர்.சி.ஏ. விநியோகம் மட்டும் செய்யும். காகிதத்தில் அந்தக் கம்பெனி கிளைன் கையில் இருந்தது. கிளைனின் நிறுவனம்தான் ஆப்கோ. இப்படியாக 1951–57 ஸ்பெஷாலிட்டியிடம், 1960–63 ஆர்.சி.ஏ.விடம், கீன் காலமும் கடைசி ஒன்றேகால் வருடமும் ஆப்கோவிடம் என்று ஒரு மனிதரின் குரல் மூன்று பீரோவில் பூட்டிக் கிடந்தது. எல்லாவற்றிலிருந்தும் எடுத்து 1986இல் ஒரு தொகுப்பு வந்தது, பிறகு அச்சில் இல்லாமல் போனது. 2003 தட்டு கேட்பவர்களுக்கு ஏன் பெரிய விஷயமாக இருந்தது என்பது இதனால்தான். ஒரே தட்டில் மூன்று பீரோவின் சாவியும் இருக்கிறது. தன் பாட்டு தனக்கே சொந்தமாக வேண்டும் என்று அந்த அளவுக்கு யோசித்த மனிதர், அவருடைய முக்கியமான பாட்டு அவர் பெயரிலான பெட்டியிலேயே இல்லாமல் போவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஒலித்தரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: தட்டு எஸ்.ஏ.சி.டி. ஹைபிரிட் வகை. சாதாரண சி.டி. பிளேயரிலும் ஓடும். பழைய காஸ்பல் பதிவுகள் மோனோதான், அதை ஸ்டீரியோவாகப் பிசையாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். கூட வரும் குறிப்புகளை எழுதியவர் பீட்டர் குரால்னிக். இரண்டு வருடம் கழித்து ‘ட்ரீம் பூகி’ என்று குக்கின் விரிவான வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

தொகுப்பில் இல்லாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1963 ஜனவரி 12இல் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் கறுப்பின ரசிகர்கள் முன்னால் அவர் பாடியதை ஆர்.சி.ஏ. பதிவு செய்தது. கேட்டுவிட்டு, ரொம்பக் கரடுமுரடு, இவருடைய பெயருக்கு ஆகாது என்று உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. வெளிவந்தது 1985இல். குரல் கிழிகிறது, கூட்டம் கூடவே கத்துகிறது. ‘யூ செண்ட் மீ’யின் ஒரு துணுக்கை மட்டும் பிரசங்கம் போல இழுத்து இழுத்துக் கூட்டத்தைச் சூடாக்கிவிட்டு ‘பிரிங் இட் ஆன் ஹோம்’க்குள் நுழைகிறார். கிங் கர்டிஸின் சாக்ஸபோன் வேறு. அதன் பக்கத்திலேயே 1964இல் நியூ யார்க் கோப்பகபானா விடுதியில், மேசை விரிப்புக்கும் மதுக்கோப்பைக்கும் நடுவே அடக்க ஒடுக்கமாகப் பாடிய ‘அட் த கோப்பா’வை வைத்துக் கேட்டால் இரண்டும் ஒரே ஆளா என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருடம்தான். தொகுப்பு பிடித்துப்போனால் அடுத்து ஹார்லெம் ஸ்கொயருக்குப் போங்கள். கோப்பாவை நான் ஒரு தடவை முழுசாகக் கேட்டேன், மறுபடி போடவில்லை.